கொல்லிப்பண்ணும் ஒலியளவும்: இசைத்தட்டுப் படியெடுப்புப் பற்றியதோர் ஆய்வு

கொல்லி என்னும் பெயர் தமிழ் நூல்களில் இருவகையாற் பயின்று வருகின்றது. ஒன்று மலைக்குரியது, மற்றொன்று பண்ணுக்குரியது. மலையைச் சங்கச் சான்றோர் வல்வில் ஓரிக்கு உரியதாகப் பாடினர். பண்ணைத் தேவார ஆசிரியர் எடுத்தாண்டனர். திருநாவுக்கரசர் சூலைநோய் நீங்கத் திருவதிகையிற் பாடிய முதற்பதிகமே கொல்லிப்பண்ணில் அமைந்தது. மலைப்பெயரும் பண்பெயரும் ஒன்றாயினமை ஆராயத்தக்கதே. ஆயினும் இக்கட்டுரை அதுபற்றி எழுந்ததன்று. அம்மலையில், அப்பண்ணில் ஓதுவார் ஒருவர் பாடிய இசைத்தட்டு ஒன்றனை எண்முறைப் படியாக, அஃதாவது கணிப்பொறியில் இருத்தற்குரிய டிஜிட்டல் படியாக, மாற்ற முற்பட்டவிடத்து யாம் செய்த பிழையும், அப்பிழையின்வழி எமக்குப் புலனான ஒரு கொள்கையுமே ஈண்டுக் கூறப்படுவன.

இசைத்தட்டிலிருந்து ஒலியைப் படியெடுக்குங்கால் அதனை எவ்வளவு உரத்துப் பதிவு செய்தல் வேண்டும் என்பது பொறியாளர் கைத்திறன் பற்றிய செய்தியன்றோ, தமிழாராய்ச்சிக்கு அதனாற் போந்த பயன் என்னை எனின், கூறுதும். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவன் எழுத்தை மாற்றினால் பாடம் மாறுகின்றது. அங்ஙனமே இசைத்தட்டைப் படியெடுப்பவன் ஒலியளவை மாற்றினாலும் பாடம் மாறுகின்றது. முன்னதை நம் பதிப்பாசிரியர்கள் நன்குணர்ந்து, பாடவேறுபாடு குறிக்கும் மரபை நிலைநிறுத்தினர். பின்னதை நம்மவர் இன்னும் பாடவேறுபாடாகவே கருதத் தொடங்கினாரிலர். கருதாமையால் விளையும் கேட்டினை எம் பிழையைக் கொண்டே காட்டுதும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின்மேல் உள்ள செம்மேடு, மலையூர்களுக்கெல்லாம் நடுவிடமாக விளங்குவது. வல்வில் ஓரியின் சிலை அங்குள்ளது. ஆண்டுதோறும் ஆடித்திங்கள் 17, 18 ஆம் நாள்களில் ஓரிக்கு அரசு விழா அவ்வூரில் நிகழ்கின்றது. அவ்விழாவை ஒட்டி ஆண்டுச் சென்றிருந்தபோது, முன்னாளில் மைக்செட் தொழில் நடத்திய ஒரு வீட்டில் தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருத்தலைக் கண்டோம். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகள் சில. ஏனையவை வினைல் தட்டுகள். திருமணம், காதணி, கோயில் விழா ஆகியவற்றில் ஒலித்து ஒலித்துத் தேய்ந்தவை அவை. வினைல் தட்டுகளுள் ஒன்று தேவாரத் தட்டு. நடுவே ஒட்டிய தாள் கிழிந்துபோனமையின் ஓதுவார் பெயர் தெரிந்திலது. பெட்டிக்குரியவர் தட்டுகளை மலையினின்று கீழே கொண்டு செல்ல உடன்படாமையால், சுழல்பொறியும் கணிப்பொறியும் மேலே கொண்டு சென்று, அவ்வீட்டுத் திண்ணையிலேயே படியெடுத்தோம். எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து கீழே வந்து, துறையில் அமைதியாக இருந்து கேட்ட பின்னரே பிழை தெரிந்தது.

பிழை இது. ஓதுவார் பதிகத்தைத் தாழ்ந்த குரலில், விருத்தமாக, மெல்லத் தொடங்குகின்றார். அத்தொடக்கத்தைக் கேட்டு, ஒலி போதவில்லை என்று கருதி, அளவுகாட்டி மேல்வரம்பை அணுகும்வரை பதிவுநிலையை உயர்த்தினோம். பதிகம் நடுப்பகுதியை எய்தியபோது குரல் ஓங்கிற்று. ஓங்கிய குரலுக்கு மேலிடம் இல்லை. மூன்று இடங்களில் அலையின் முகடுகள் கத்தியால் அரிந்தாற்போல மட்டமாயின. இதனை ஒலிப்பதிவாளர் கிளிப்பிங் என்பர். முகடு மழுங்கல் என்று யாம் வழங்குவோம்.

இஃது ஒரு கருவிப்பிழை என்றளவில் நின்றிருந்தால் இக்கட்டுரை எழுந்திராது. எம் மாணவருள் ஒருவர் அப்படியைக் கேட்டு, ஓதுவார் முதுமையுற்றவர் என்றும், மேற்றாயியில் அவர் குரல் கரகரக்கின்றது என்றும், கொல்லிப்பண்ணை உச்சத்தில் அழுத்திப் பாடுதல் ஒரு பாடல்மரபு போலும் என்றும் ஆய்வுக்குறிப்பு எழுதிவிட்டார். குறிப்பு செவ்வையான தமிழில், சான்றுகாட்டி, நேரக்கணக்குடன் எழுதப்பட்டிருந்தது. அதில் ஒரு சொல்லும் உண்மையன்று. பின்னர் ஒருமுறை மலையேறி, பதிவுநிலையைத் தாழ்த்தி எடுத்த இரண்டாம் படியில் அவ்விடங்கள் மூன்றும் தெளிவாக ஒலித்தன. குரல் இளையது, கரகரப்பு எம் கணிப்பொறியின் கொடை. ஏட்டிற் படியெடுத்தவன் பிழையாக எழுதியதொரு சொல்லுக்கு உரைகாரர் நயம் உரைத்த கதைகள் நமக்குத் தெரியும். யாம் எழுதுவித்ததும் அத்தகையதோர் உரையே.

ஓரியைப் பாடிய வன்பரணர் பாட்டொன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. புறநானூற்று 152 ஆம் பாட்டாகிய அதனை, வேட்டுவனின் வில்லாற்றல் குறித்தும், கொடை குறித்தும் எடுத்துக்காட்டாதார் இல்லை. ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஊடுருவிச் செல்ல எய்தவனைக் காட்டிற் கண்ட பாணர்கூட்டம், இவன் ஓரியோ அல்லனோ என்று ஐயுற்று, அவன்முன் பாடத் தொடங்குகின்றது. பாடுமுன் தலைவன் தன் கூட்டத்தார்க்கு இடும் ஏவல்களைப் பலரும் இசைக்கருவிகளின் பெயர்ப்பட்டியலாகவே கொண்டு கடந்து செல்கின்றனர். முழவுக்கு மண் அமைக்கச் சொல்கிறான். யாழிற் பண் நிறுத்தச் சொல்கிறான். தூம்பையும் எல்லரியையும் ஆகுளியையும் இயக்கச் சொல்கிறான். பதலைக்கு வரும்போது மட்டும் ஏவல் வேறுபடுகின்றது. அதன் ஒரு முகத்தையே, அதுவும் மெல்ல, இயக்குமாறு கூறுகிறான். எக்கருவி என்பதோடு அமையாமல் எவ்வளவு என்பதும் ஆண்டு வரையறுக்கப்படுகின்றது.

பதலை பருத்த ஒலியுடைய தோற்கருவி. அஃது இருமுகத்தும் உரத்து முழங்கினால் விறலியின் பாட்டும் யாழும் கேளா. எனவே பாடுமுன்னரே அதன் ஒலி வரையறுக்கப்பட்டது. வரையறுத்த பின்னர் மூவேழாகிய இருபத்தொரு துறையும் முறைப்படி பாடி முடிக்கப்படுகின்றன; இடையில் ஏவல் இல்லை, மாற்றம் இல்லை. முடிவில் பாணர் அவனைக் கோவே என்று விளித்தவிடத்து வேட்டுவன் நாணுகின்றான். கேட்போன் நாணும் அளவிற்கு அவ்விளி தெளிவாகக் கேட்டது என்பதும், அத்தெளிவிற்குப் பதலையின் அடக்கமும் துணைநின்றது என்பதும் எம் கருத்து. இசைநிகழ்ச்சியில் ஒலியளவு முன்னரே உறுதிசெய்யப்பெற்று இறுதிவரை மாறாது நிற்றல் வேண்டும் என்பதற்குத் தமிழில் இதனினும் பழைய சான்று தேடவேண்டுவதில்லை. இப்பாட்டின் களம் கொல்லிமலைக்குரிய தலைவனின் காடு என்பதும் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி, தட்டிலுள்ள ஒலி படியாகும் முறையைச் சிறிது விளக்குவாம். தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி அசைதலால் காட்ரிட்ஜில் தோன்றும் மின்னழுத்தம் மிகச் சிறிது. காந்தம் அசையும் வகையைச் சார்ந்தவற்றில் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் அளவினது. முன்பெருக்கி அதனை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்குகின்றது. பெருக்குங்கால் எல்லாச் சுருதியையும் ஒப்பப் பெருக்குவதில்லை. தட்டை வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளை மிகுத்தும் வெட்டுவர். கேட்கும்போது அதனை நேர்மாறாக்கித் திருத்துவர். இத்திருத்தத்திற்குரிய பொது வரையறை அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற்சங்கத்தால் 1954 இல் வகுக்கப்பட்டது. அதன்படி, நொடிக்கு 1000 அதிர்வுடைய ஒலியை நோக்க, 100 அதிர்வுடையது ஏறத்தாழ 13 டெசிபெல் உயர்த்தப்படும்; 10,000 அதிர்வுடையது ஏறத்தாழ 14 டெசிபெல் தாழ்த்தப்படும். அதற்கு முற்பட்ட 78 சுற்றுத் தட்டுகளுக்கு நிறுவனந்தோறும் வேறுவேறு திருத்தம் உண்டு. அவற்றையும் வினைல் தட்டின் திருத்தத்தைக் கொண்டே படியெடுத்தால், மென்மை வன்மை பற்றிய எம்முடிபும் செல்லாது.

பெருக்கப்பட்ட மின்னழுத்தம் கணிப்பொறியில் எண்களாகின்றது. எண்ணுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அதனை 0 டெசிபெல் என்பர். அதற்கு மேல் எண் இல்லை. வரம்பைக் கடந்த ஒலி எவ்வளவு கடந்தது என்பதும், எவ்வடிவிற் கடந்தது என்பதும் பதிவில் இல்லாதொழிகின்றன. பின்னர் ஒலியைத் தாழ்த்தினால் மட்டமான முகடு மட்டமாகவே தாழும். அஃது ஒருபோதும் மீளாது. ஆனால் கீழ்ப்புறம் அத்தகையதன்று. 16 இருமக்கூறுடைய பதிவில் ஏறத்தாழ 96 டெசிபெல் இடம் உண்டு. 24 இருமக்கூறுடையதில் கணக்களவில் 144 டெசிபெல். நல்ல வினைல் தட்டின் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடைப்பட்ட பரப்போ 60 முதல் 70 டெசிபெலைப் பெரும்பாலும் கடப்பதில்லை. ஆதலின் பாட்டின் உச்சம் மேல்வரம்புக்கு 12 டெசிபெல் கீழ் நிற்குமாறு பதிந்தால், 24 இருமக்கூற்றில் இரண்டே கூறு இழக்கப்படும். எஞ்சியவை தட்டின் இரைச்சலையும் விஞ்சி நுண்ணியவை.

ஒலி சிறுத்துவிட்டதே என்று அஞ்சுவார் அச்சம், எனவே, ஆதாரமற்றது. சிறுத்த படியை எப்போதும் பெருக்கலாம். பருத்து மழுங்கிய படியை எவராலும் தீட்ட இயலாது. இருபுறப் பிழையும் நிகரல்ல என்னும் இவ்வொன்றை உணர்ந்தவர், உச்சம் வரம்புக்கு 6 டெசிபெலுக்கும் 12 டெசிபெலுக்கும் இடையிற் கீழ்நிற்க வைத்தலே தகும் எனக் கொள்வர். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுக் கழகம் 2004 இல் வெளியிட்டு 2009 இல் விரித்த வழிகாட்டு நூல் 24 இருமக்கூறுடைய பதிவையே பரிந்துரைக்கின்றது. அதன் பயன் செவிக்கு இனிமை தருதலன்று. மேலே இடம் விட்டு வைத்தற்குத் துணிவு தருதலே என்பது எம் துணிபு.

உச்சம் எங்குளது என்பதைத் தட்டின் தொடக்கங்கேட்டு அறியலாகாது. யாம் தவறியது அங்கே. ஒருமுறை முழுப்பக்கத்தையும் தாழ்ந்த நிலையில் ஓடவிட்டு, அலைவடிவை நோக்கி, மிக ஓங்கிய இடத்தைக் கண்டு, அதன்பின் நிலைகுறித்து மறுபடி தொடங்கலே முறை. தேய்ந்த தட்டை ஈருமுறை ஓடவிட மனம் ஒவ்வாதார், முதல் ஓட்டத்தையே போதிய இடம் விட்டுப் பதிந்து அமைவாராக. கணிப்பொறிகளும் கைப்பதிவிகளும் தாமே ஒலியைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் ஏற்பாடு ஒன்றுடையன. அதனை முதலில் நிறுத்துதல் வேண்டும். ஓதுவார் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது ஊசியின் இரைச்சலை உயர்த்திக் காட்டும். அவர் மீண்டும் தொடங்கும் முதலெழுத்தை நசுக்கும். நிறுத்தமும் பாட்டின் உறுப்பே என்பதை அப்பொறி அறியாது. ஒரே தடத்தில் வெட்டிய பழைய தட்டை ஈர்தடக் காட்ரிட்ஜால் படியெடுத்து, பின்னர் இருதடத்தையும் கூட்டுவாரும் ஒன்று கருதல் வேண்டும்: ஒத்த இரண்டு அலைகளைப் பாதியாக்காது கூட்டினால் 6 டெசிபெல் உயரும், பதிவிற் காத்த முகடு கூட்டலில் மழுங்கும்.

கொல்லிப்பண்ணுக்கே உரியதோர் இடர்ப்பாடும் உண்டு. இப்பண்ணை இன்று ஓதுவார்கள் நவரோசு என்னும் இராகத்திற் பாடுகின்றனர். நவரோசு மேற்றாயி ஆறாது. கீழ்ப்பஞ்சமத்திலிருந்து நடுப்பஞ்சமம்வரை அமைந்து நிற்பது. ஆகவே கொல்லியின் உயிர் கீழ்ச்சுரங்களில் உள்ளது. ஆடவர் ஒருவர் ஒன்றரைக் கட்டைச் சுருதியிற் பாடினால் சட்சம் ஏறத்தாழ 138 அதிர்வு. அதன் கீழ்ப்பஞ்சமம் ஏறத்தாழ 104. ஒரு கட்டையாயின் அக்கீழ்ப்பஞ்சமம் 98. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 அலையுடையது. அதன் முணுமுணுப்பு 50 இலும், இரட்டியாகிய 100 இலும் படிகளில் வந்து படிகின்றது. தாழ்ந்த ஒலிகளை 13 டெசிபெல் உயர்த்தும் முன்பெருக்கி இம்முணுமுணுப்பையும் உடன் உயர்த்துகின்றது. திருநாவுக்கரசர் வலியால் வருந்தி விண்ணப்பிக்கும் பதிகத்தில், ஓதுவார் குரல் தாழ்ந்து கீழ்ப்பஞ்சமத்தில் அமரும் இடத்தில், அவ்விரைச்சல் அருகே வந்து அமர்கின்றது.

அதனைப் போக்கக் கருதுவோர் 100 அதிர்வின் சுற்றுப்புறத்தை வடிகட்டி எறிவர். எறியுங்கால் கீழ்ப்பஞ்சமத்தின் அடியொலியும் உடன் எறியப்படும். சுரத்தின் மேற்கூறுகள் எஞ்சியிருத்தலின் செவி அதனைப் பஞ்சமம் என்றே உணரும். ஆனால் அது மெலிந்து, நடுச்சுரங்களைவிட வலிகுறைந்து ஒலிக்கும். பின்வரும் ஆராய்ச்சியாளர், கொல்லியில் கீழ்ப்பஞ்சமம் தொட்டுவிடும் சுரமேயன்றி நிற்கும் சுரமன்று என்று முடிபுகட்டலாம். யாம் மலையில் எடுத்த இரண்டாம் படியில் வடிகட்டவில்லை. பொறியின் நிலக்கம்பியைச் செவ்வைசெய்து, மின்கம்பியைக் காட்ரிட்ஜ் கம்பியிலிருந்து விலக்கி வைத்தோம். முணுமுணுப்பிற் பெரும்பகுதி அதனாலேயே ஒழிந்தது. எஞ்சியது எஞ்சுக என விடுத்தோம்.

சொடுக்கொலி பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். தூசியும் கீறலும் எழுப்பும் சொடுக்கொலி நொடியின் ஆயிரத்தொரு கூறு அளவே நிற்பினும், சில வேளைகளில் பாட்டின் உச்சத்தையும் கடந்து எழும். கணிப்பொறி நிரல்களில், ஆடாசிட்டி முதலியவற்றில், நார்மலைஸ் என்றொரு கட்டளை உண்டு. அது படியின் மிகவுயர்ந்த புள்ளியைத் தேடி, அப்புள்ளி வரம்பைத் தொடும்வரை முழுமையையும் ஒரேபடியாக உயர்த்துவது. கீறல் மிக்க பக்கத்தில் அது காணும் உயர்ந்த புள்ளி சொடுக்கொலியே. ஆதலின் குரல் தாழ்ந்தே நிற்கும். கீறல் இல்லாத மறுபக்கத்தில் குரலே உயர்ந்த புள்ளி. அது நன்கு உயரும். ஒரே நாளில், ஒரே மூச்சில் பாடிய பதிகம் தட்டைத் திருப்பியவுடன் உரத்துக் கேட்கும். பாடினவர் உரத்திலர், தூசி இல்லாமற் போயிற்று, அவ்வளவே. சொடுக்கொலியை முன்னர் நீக்கிப் பின்னரே உயர்த்தல் வேண்டும் என்பதன் காரணம் இது. நீக்குதலும் மூலப்படியிற் செய்யத் தக்கதன்று.

ஒலியளவின் ஒப்புநிலை பொருள் தருவது பண்ணுக்கு மட்டும் உரிய செய்தியன்று. செம்மேட்டுப் பெட்டியில் திருவிளையாடல் படத்தின் கதைவசன இசைத்தட்டும் இருந்தது. 1965 இல் வந்த அப்படத்தின் வசனம் ஊர்தோறும் ஒலிபெருக்கிவழி ஒலித்தமையை அக்காலத்தார் அறிவர். குறுந்தொகை இரண்டாம் பாட்டு, இறையனார் பெயரால் வழங்குவது, கல்லாத மக்கள் செவியிலும் புகுந்தது அவ்வழியே எனல் மிகையன்று. அதனால் அத்தட்டு தமிழிலக்கிய வரலாற்றுக்கும் ஓர் ஆவணம். அதில் தருமியாக நாகேசு தனித்திருந்து தமக்குத்தாமே புலம்பும் பகுதியையும், இறைவனாகச் சிவாசி கணேசனும் நக்கீரராக ஏ. பி. நாகராசனும் அவையில் எதிர்நின்று வழக்கிடும் பகுதியையும் ஒப்பிட்டு நோக்குக. முன்னது தாழ்குரலும் திக்கலும் கலந்தது. கேட்போர் செவிசாய்த்துக் கேட்கவேண்டுவது. பின்னது அவையதிரும் உரை. வறுமைப் புலவனுக்கும் அவைப் புலவனுக்கும் உள்ள தொலைவு அவ்வொலி வேறுபாட்டில் வைக்கப்பட்டுள்ளது.

இப்பகுதிகளைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே உயர்த்தி, யாவும் ஒரே அளவில் ஒலிக்குமாறு செய்த படிகள் இன்று கைபேசிகளில் மிகுதியும் உலவுகின்றன. அவற்றில் தருமி இறைவனுக்கு நிகராக முழங்குகின்றார். நகைச்சுவை எஞ்சுகின்றது, இரக்கம் போய்விடுகின்றது. இது சிறு குறைபோற் காணினும், நாடகத் திறனாய்வு செய்யும் மாணவர்க்கு இப்படியே மூலமாகும்போது, அவர் நடிப்பைப்பற்றி எழுதுவது எதனைப்பற்றி எழுதுவது?

இங்கு ஒரு தடை நிகழலாம். தட்டிலுள்ள ஒலியே உண்மையொலி அன்றே. அதனையும் ஒருவர் கூட்டியும் குறைத்தும் தானே வெட்டினார் எனின், அது மெய்யே. 1925 இல் மின்முறைப் பதிவு தோன்றுமுன், பாடுவோர் கூம்புக் குழலின்முன் நின்று கத்திப் பாடினர். உச்சத்தில் பின்வாங்கினர், தாழ்வில் முன்வந்தனர். கிரியர்சனின் இந்திய மொழியளவைக்காக 1913 முதல் 1929 வரை எடுத்த பேச்சுத் தட்டுகளிற் பலவும் அந்நிலையினவே. வினைல் காலத்திலும், ஒரு பக்கம் இருபத்தைந்து நிமிடத்தை நெருங்கினால் வரிப்பள்ளங்களுக்கு இடம் போதாமையின் முழுப்பக்கத்தையும் தாழ்த்தி வெட்டினர். எனவே தட்டு ஒரு மூலமன்று. அதுவும் ஒரு பதிப்பே. ஆயின் அப்பதிப்பாசிரியன் கை காலத்திற்குரிய சான்றாகும். நச்சினார்க்கினியர் கொண்ட பாடம் நமக்கு உடன்பாடன்று என்பதற்காக அவர் உரையின் பாடத்தைத் திருத்தி அச்சிடுவார் உளரோ? உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைத் தாமாக நிரப்பாது புள்ளியிட்டுக் காட்டினார். புள்ளி கண்டவர் ஆங்கு ஒன்று இல்லை என அறிவர். மழுங்கிய முகடோ புள்ளியும் இடுவதில்லை. முழுமைபோல நின்று ஏமாற்றுகின்றது. சிதைவினும் இதனை யாம் கொடிதாகக் கருதுவது அதுபற்றியே.

கேட்போர் வசதி என்னும் மற்றொரு தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. ஓரி விழாவில், கடைத்தெரு இரைச்சலின் நடுவே, மெல்லிய விருத்தம் ஒருவர் செவிக்கும் எட்டாது. பேருந்திற் கைபேசிவழிக் கேட்பார்க்கும் அஃதே நிலை. ஒலிபெருக்கிக்காரர் ஒலியைச் சமனாக்கித் தருதல் அவர் தொழிலுக்கு நேரியது. அதிற் குற்றம் இல்லை. குற்றம் யாதெனின், அச்சமன்செய்த படியையே ஒற்றைப் படியாக வைத்துக்கொண்டு மூலத்தை விடுத்தல். மூலப்படி ஒன்று, கேள்விப்படி ஒன்று என இரண்டு வைத்தல் வேண்டும். கேள்விப்படியில் உயர்த்துங்காலும், பதிகத்தை ஓரலகாகக் கொண்டு முழுமைக்கும் ஒரே அளவு உயர்த்தலே நன்று, பாட்டுத்தோறும் உயர்த்தலாகாது. ஒலியின் உரப்பைச் செவியுணர்வுக்கு இயைய அளக்கும் முறை ஒன்றனைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் வகுத்தது. ஒற்றை முகட்டைக் கொண்டு அளப்பதினும் அம்முறை கொண்டு தட்டுகளை ஒப்பிடுதல் பொருத்தமுடையது.

தட்டுகள் அருகிவருதலின் இவ்வினா காலங்கடத்தற்குரியதன்று. ஓடியன் நிறுவனம் 1932 முதல் 1938 வரை பம்பாயிலும் சென்னையிலும் கிளை வைத்துத் தட்டுகள் வெளியிட்டது. அவற்றைத் தேடித் தொகுத்துப் படியெடுக்கும் பணியை மும்பை இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் கழகத்தார் பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு மேற்கொண்டனர். அத்தகைய பணி பெட்டிதோறும் நிகழ இயலாது. ஊர்களிற் கிடக்கும் எஞ்சிய தட்டுகளை மாணவரும் ஆர்வலருமே படியெடுக்கின்றனர். எடுத்தபின் தட்டைப் பேணுவாரும் அரியர். அந்நிலையில் படியே ஏடு. ஆதலின் எம் துறையில் இனி எடுக்கும் ஒவ்வொரு படிக்கும், எப்பொறி, எவ்வூசி, எத்திருத்தம், பதிவுநிலை யாது, உச்சம் வரம்புக்கு எத்துணைக் கீழ், பின்னர் உயர்த்தியது எத்துணை என்னும் குறிப்பு உடன்வைக்கப்படுகின்றது. முதலில் இக்குறிப்பை எழுத மாணவர் சலித்தனர். கரகரப்பைக் குரலெனக் கொண்ட அம்மாணவர் மட்டும் சலித்திலர்.

இரண்டாம் முறை செம்மேடு சென்றபோது, யாம் முன்னர்ப் படியெடுத்திருந்த அரக்குத் தட்டுகளுள் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதுவும் முதல்நாள் அதே உயர்ந்த நிலையில் வைத்துப் பதியப்பட்டது. மலைநாட்டார் விழாவொன்றில் அடிக்கடி ஒலித்த பாட்டு என்று வீட்டுக்குரியவர் கூறினார். வேறொரு தட்டு எங்கேனும் உளதோ எனத் தேடி வருகின்றோம். இப்போது எம்மிடம் உள்ளது மழுங்கிய அப்படி ஒன்றே. அதன் குறிப்புச்சீட்டில், உச்சங்கள் பத்து இடங்களில் சிதைந்தவை, குரலைப் பற்றிய எம்முடிபுக்கும் இது சான்றாகக் கொள்ளத் தக்கதன்று, பிழை படியெடுத்தோருடையது என எழுதி வைத்துள்ளோம்.